நிற்குமிடமும் நோக்குந் திசையும்: நேர்கோட்டின் திசையன் சமன்பாடு

தமிழில் 'கோடு' என்பது பலபொருள் குறித்த ஒரு சொல். யானையின் தந்தமும் கோடு. விலங்கின் கொம்பும் கோடு. மரத்தின் கிளையும் கோடு. மலையின் உச்சியும் கோடு. நம் கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டின் பெயரில் நிற்பதும் மலையைக் குறித்த அக்கோடே. இனி, 'கோடுதல்' என்னும் வினைக்கு வளைதல் என்பது பொருள். நடுநிலை பிறழாமையைக் 'கோடாமை' என்று நம் முன்னோர் வழங்கியதும் அதுபற்றியே. அங்ஙனமாயின் 'நேர்கோடு' என்னுந் தொடர் 'நேரான வளைவு' என்று பொருள்பட்டு நகைப்பிற்கு இடமாகும். சொல்லாராய்ச்சியில் விருப்பமுடையார் இவ்விடத்திலேயே நெடுநேரம் தங்கிவிடுவர். யானும் தங்க விரும்புவேனெனினும், ஈண்டுக் கருதிய பொருள் வேறு.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் ஒருவன் கணிதத்தைப் பற்றி எழுதப் புகுவானேன் என வினவுவார் உளர். சமன்பாடு என்பதும் ஒரு வாக்கியமே. அதனைப் பதம் பிரித்து, ஒவ்வொரு பதத்திற்கும் பொருளுரைத்து, பின்னர்த் தொகுத்துக் காண்டல் இலக்கணம் பயில்வோர்க்குப் பழகிய தொழில். மேல்நிலைப் பள்ளியில் 'கோட்டின் வெக்டர் சமன்பாடு' என்று ஒரு பாடத்தை நம்மிற் பலர் நெட்டுருச் செய்து, தேர்வெழுதி, மறந்தும் விட்டோம். அவ்வாக்கியத்தைப் பதம் பிரித்துப் பார்ப்பின், அது மறத்தற்குரியதன்று என்பது விளங்கும்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னங்கன்று நடும் முறையை நேயர்கள் கண்டிருப்பர். நிலத்தை உழுது சமன் செய்தபின், முதற் குழிக்குரிய இடத்தில் ஒரு முளை அடிப்பர். அதிலிருந்து ஒரு கயிற்றை வரப்பிற்கு ஒப்ப இழுத்துப் பிடிப்பர். கயிற்றின்மேல் இருபத்தைந்து அடிக்கு ஒரு குறியிட்டுக் குறிதோறும் ஒரு குழி வெட்டுவர். இத்தொழிலில் உழவர் மூன்றே செய்திகளைக் கையாளுகின்றனர். முதற் குழி எங்கே என்பது ஒன்று. கயிறு எத்திசையில் எவ்வளவு செல்கிறது என்பது இரண்டு. எத்தனையாவது குறி என்பது மூன்று. இம்மூன்றும் தெரிந்தால், அவ்வரிசையில் எந்தக் கன்றும் எங்கே நிற்கும் என்பதைத் தோட்டத்திற்குப் போகாமலே சொல்லிவிடலாம்.

இதனை எண்களாற் காண்போம். தோட்டத்தின் தென்மேற்கு மூலையை ஆதிப்புள்ளியாகக் கொள்க. ஓர் இடத்தைக் குறிக்க, மூலையிலிருந்து கிழக்கே எத்தனை அடி, வடக்கே எத்தனை அடி என்னும் இரண்டு எண்களை அடைப்பில் எழுதுவோம். முதற் குழி (10, 15) என்க. வரப்பு நேர் கிழக்காக ஓடாமல் சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. ஒரு குறியிலிருந்து மறு குறிக்குச் செல்ல 24 அடி கிழக்கும் 7 அடி வடக்கும் போதல் வேண்டும். 24-இன் வர்க்கமும் 7-இன் வர்க்கமும் கூடி 625. அதன் மூலம் 25. ஆகவே கயிற்றின் வழியே தூரம் இருபத்தைந்தடி என்பது பொருந்துகிறது. இந்த (24, 7) என்பது ஓர் இடத்தைக் குறிப்பதன்று. ஒரு பெயர்ச்சியைக் குறிப்பது. 'இத்திசையில் இவ்வளவு செல்க' என்னும் கட்டளை அது.

நிற்குமிடத்தை 'நி' என்றும், திசைப் பெயர்ச்சியைத் 'தி' என்றும், எத்தனை மடங்கு பெயர்ந்தோம் என்னும் எண்ணை 'எ' என்றும், சென்று சேர்ந்த புள்ளியைப் 'பு' என்றும் வழங்குவோமாயின், தென்னை வரிசை முழுவதும் ஒரே வாக்கியத்தில் அடங்கும்:

பு = நி + எ × தி

எ என்பது 0 ஆயின் முதற் குழியிலேயே நிற்கிறோம். 1 ஆயின் (34, 22). 2 ஆயின் (58, 29). அரை ஆயின் இரு கன்றுகளுக்கு நட்டநடுவே, கயிற்றின்மேல் நிற்கிறோம். எ குறையெண் ஆயின் முதற் குழிக்குப் பின்னே வரப்பை நோக்கி நடக்கிறோம். எ எல்லா எண்களையும் ஏற்கும்போது, கயிறு இருபுறமும் முடிவின்றி நீண்டு நேர்கோடு ஆகின்றது. கணித நூலார் இவ் 'எ' என்பதைத் துணையலகு என்பர். கோட்டின்மேல் ஊர்ந்து செல்லும் எறும்பு எவ்வளவு வந்துள்ளது என்று கூறும் எண் அதுவென்று கொள்ளின் போதும்.

வரிசை ஒன்று முடிந்தபின் அடுத்த வரிசைக்குச் செங்கோணத்தில் திரும்புதல் வேண்டுமன்றோ? அத்திசை (−7, 24). முன்னைத் திசையாகிய (24, 7) என்பதோடு இதனை உறுப்புக்கு உறுப்பாகப் பெருக்கிக் கூட்டின், −168-உம் 168-உம் சேர்ந்து சுழியாகும். இங்ஙனம் பெருக்கிக் கூட்டியது சுழியாயின் இரு திசைகளும் செங்குத்து என்பது விதி. இதனைப் புள்ளிப் பெருக்கம் என்ப. பின்னே இவ்விதி நமக்குப் பெரிதும் வேண்டப்படும். ஆதலின் நினைவிற் கொள்க.

நிற்க. 'தி' போன்ற திசையுடைய அளவினை நம் பாடநூல்கள் 'வெக்டர்' என்று ஒலிபெயர்த்தும், சிலர் 'திசையன்' என்றும் வழங்குகின்றனர். ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்களோ அதனைக் 'காவி' என்னும். அச்சொல்லைக் கண்டு துறவியின் உடையை நினைந்து மயங்கற்க. காவுதல் என்பது தோளிற் சுமத்தல். காவடி என்னுஞ் சொல்லின் முதலில் நிற்பது அதுவே. தைப்பூசத்தின்போது பழனிச் சாலையிற் காவடி செல்வதைக் கண்ட கொங்கு நாட்டார்க்கு இவ்வினையை விளக்க வேண்டுவதில்லை. இலத்தீன் மொழியில் வெக்டர் என்பதற்குச் சுமந்து செல்வோன் என்பதே பொருள். ஒரு புள்ளியைத் தோளில் ஏற்றி மற்றோரிடத்தில் இறக்கி வைப்பது அது. ஈழத்தறிஞர் அயற்சொல்லின் உயிரை அறிந்து பெயர்த்தனர் என்பது என் துணிபு. 'திசையன்' என்பது அளவின் இயல்பைச் சொல்கிறது. 'காவி' அதன் தொழிலைச் சொல்கிறது. இரண்டும் நற்சொற்களே. நம் மாநிலத்தார்க்குப் பழகியது பற்றித் 'திசையன்' என்பதையே இங்கு வழங்குகின்றேன்.

இக்கருவி தோன்றிய வரலாறும் மொழி பயில்வார்க்கு உவப்பளிக்கும். அயர்லாந்து நாட்டு ஆமில்டன் என்பார் 1843-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் டப்ளின் நகரத்துக் கால்வாய்க் கரையில் நடந்து செல்லுங்கால், நால்வகை உறுப்புடைய ஒரு புதிய எண்ணின் விதி மனத்திற் பளிச்சிட, அதனைப் பாலத்தின் கல்லிலே கத்தியாற் கீறி வைத்தார். வெக்டர் என்னும் பெயரை இப்பொருளில் வழங்கியவர் அவரே. அடுத்த ஆண்டில், 1844-இல், ஜெர்மானியப் பள்ளியாசிரியராகிய கிராஸ்மன் இதே துறையில் ஆழ்ந்த நூலொன்றை வெளியிட்டார். அதனைப் படிப்பார் இலர். மனம் நொந்த கிராஸ்மன் மொழிநூற் பக்கம் திரும்பினார், வடமொழி கற்றார், இருக்கு வேதத்திற்கு அகராதி செய்தார், அவ்வேதத்தை ஜெர்மன் மொழியில் பெயர்த்தும் வெளியிட்டார். மூச்சொலி எழுத்துகளைப் பற்றி அவர் கண்ட ஒலிவிதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கணிதமும் இலக்கணமும் ஒரே உள்ளத்தில் இடர்ப்பாடின்றி உறைய வல்லன என்பதற்கு இவரினுஞ் சிறந்த சான்று யான் அறியேன். பின்னர் அமெரிக்கத்துக் கிப்ஸும் ஆங்கிலநாட்டு எவிசைடும் இக்கருவியை எளிமையாக்கி இன்றைய உருவிற் கொணர்ந்தனர்.

இனி, கீழ் வகுப்புகளில் நாம் கற்ற கோட்டுச் சமன்பாடு ஒன்று உண்டு. குத்துயரம், சாய்வு, கிடைத்தூரம், வெட்டுத்துண்டு ஆகிய நான்கும் அமைந்தது அது. சாய்வைக் கிடைத்தூரத்தாற் பெருக்கி வெட்டுத்துண்டைக் கூட்டினால் குத்துயரம் வரும். அது இருக்க, இப்புது வடிவம் எதற்கு?

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு ஏறும் இரயில் பாதையை நோக்குக. குன்னூர் வரை 1899-இலும் உதகை வரை 1908-இலும் திறக்கப்பட்ட அப்பாதையில், கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சட்டம் பதிக்கப்பெற்றுள்ளது. அங்கே மிகுந்த ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று. பன்னிரண்டடி முன்னே சென்றால் ஓரடி மேலே. இதனைச் சாய்வு பன்னிரண்டில் ஒன்று என்றும் சொல்லலாம். திசை (12, 1) என்றும் சொல்லலாம். இதுகாறும் இரண்டும் ஒன்றே. ஏற்றம் மிகமிகச் சாய்வு வளரும். ஒன்றுக்கு ஒன்று என்றால் சாய்வு 1. ஒன்றுக்கு நூறு என்றால் சாய்வு 100. செங்குத்தாக நிற்கும் கோட்டிற்குச் சாய்வு என்ன? கிடைத்தூரம் சுழி; சுழியால் வகுத்தல் கணிதத்தில் ஆகாது. சாய்வுச் சமன்பாடு அவ்விடத்தில் வாய் மூடிவிடும். திசையனுக்கோ ஒரு தொல்லையும் இல்லை. (0, 1) என்று எழுதிவிட்டு அது தன் வழியே போகும்.

செங்குத்துக் கோடு ஏட்டளவில் உள்ளதன்று. நம் நாட்டில் ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை! ஒவ்வொன்றும் ஒரு செங்குத்துக் கோடே. மேலும், தாளின்மேல் வரையும் கோட்டுக்கு இரண்டு எண்கள் போதும். மண்ணுக்குள் இறங்கும் கோட்டுக்குக் கிழக்கு, வடக்கு, உயரம் என மூன்று எண்கள் வேண்டும். அங்கே ஒரு சாய்வு என்று சொல்லப் பொருளே இல்லை. பு = நி + எ × தி என்பதோ ஓரெழுத்தும் மாறாமல் அங்கும் நிற்கிறது; அடைப்புக்குள் ஓர் எண் கூடுவதொன்றே வேறுபாடு.

இவ்விடத்து நம் தோட்டங்களில் நிகழக்கூடிய ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். கொங்கு நாட்டுப் பாறைநிலத்தில் பழங்கிணறு வற்றினால், கிணற்றின் உள்ளே இறங்கிப் பக்கச் சுவரிற் படுக்கையாக ஒரு துளையிடுவர். 'சைடு போர்' என்று யாவரும் வழங்குவது அதுவே. பாறை வெடிப்பொன்றை அத்துளை தொட்டுவிட்டால் நீர் கிணற்றில் வந்து விழும். தொல்லை யாதெனின், மேலே வேலி உண்டு, கீழே வேலி இல்லை. துளை எங்கே போகிறது என்று மேலிருந்து பார்ப்பவர்க்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்தாரின் ஆழ்துளைக் கிணற்றில் நீர் குறைந்தவுடன், 'உன் துளை என் போரைக் குத்திவிட்டது' என்று பங்காளிகளுக்குள் வழக்கு எழும். இருவரையும் கூட்டி வைத்துப் பேசும் ஊர்ப் பெரியவர்க்கு எந்தக் கணக்கு உதவும்? பின்வரும் எண்கள் யான் அமைத்தவை. முறையோ எங்குஞ் செல்லும்.

கிணற்று வாயின் நடுவை ஆதிப்புள்ளியாகக் கொள்க. கிணறு இருபதடி அகலம். அதன் கீழைச் சுவரில், தரையிலிருந்து ஐம்பதடி ஆழத்தில் துளை தொடங்குகிறது. ஆகவே நி = (10, 0, −50). ஆழத்தைக் குறையெண்ணாற் குறித்துள்ளேன். துளை கிழக்கே பன்னிரண்டடி செல்லும்போது வடக்கே நான்கடியும் கீழே மூன்றடியும் செல்கிறது; தி = (12, 4, −3). 144, 16, 9 ஆகிய மூன்றுங்கூடி 169. அதன் மூலம் 13. எனவே எ ஒன்று கூடினால் துளையின் வழியே பதின்மூன்றடி. துளையின் நீளம் 130 அடி எனின் எ 0-இலிருந்து 10 வரை செல்லும். கடைமுனை (130, 40, −80).

வேலி கிணற்று நடுவிலிருந்து கிழக்கே 100 அடியில் வடக்குத் தெற்காக ஓடுகிறது. துளை அதனை எங்கே கடக்கிறது? கிழக்கு எண் 10 + 12எ; அது 100 ஆதல் வேண்டும்; எ = 7.5. அதாவது 97.5 அடி வரை தன் நிலம், எஞ்சிய 32.5 அடி அடுத்தவர் நிலத்தின் அடியில். கேள்வியின் ஒரு பாதி ஒரு வரியில் முடிந்தது. துளையிட்டவர்க்கு இவ்விடை இனிக்காது. ஆயினும் எண்ணுக்கு முகதாட்சணியம் இல்லை.

மறுபாதி அடுத்தவரது ஆழ்துளைக் கிணற்றைப் பற்றியது. அது (118, 34) என்னுமிடத்தில் செங்குத்தாக இறங்குகிறது. அதன் சமன்பாட்டில் நி = (118, 34, 0); தி = (0, 0, −1). இருகோடுகளும் ஒரு புள்ளியிற் சந்திக்கின்றனவா? சந்திப்பின், கிழக்கு எண் 118 ஆகுமிடத்தில் வடக்கு எண் 34 ஆதல் வேண்டும். 10 + 12எ = 118 எனின் எ = 9; அங்கே வடக்கு எண் 4 × 9 = 36. முப்பத்தாறு முப்பத்துநான்கன்று. ஆகவே அவை சந்திக்கவில்லை. ஒன்றற்கொன்று இணையாகவும் இல்லை. தாளின்மேல் இரு கோடுகள் ஒன்று இணையாகும், அன்றேல் வெட்டிக்கொள்ளும்; மண்ணுக்குள்ளோ மூன்றாவது நிலை ஒன்று உண்டு. மேம்பாலமும் கீழ்ச்சாலையும் போல, இணையாகாமலும் தொடாமலும் ஒன்றையொன்று கடந்து போதல். ஒரு தளம் அமையாக் கோடுகள் என்று நூல்கள் இவற்றைக் கூறும்.

தொடவில்லை என்றால் எவ்வளவு நெருங்கின? இதற்கு இருகோட்டிற்கும் ஒருங்கே செங்குத்தான திசையைக் காண்டல் வேண்டும். (−1, 3, 0) என்பது அத்தகையது. (12, 4, −3) என்பதோடு பெருக்கிக் கூட்டின் −12 + 12 + 0, சுழி. (0, 0, −1) என்பதோடு பெருக்கினாலும் சுழி. இனி, ஒரு கோட்டின் நிற்குமிடத்திலிருந்து மற்றதன் நிற்குமிடத்திற்குச் செல்லும் திசையன் (108, 34, 50). அதனை (−1, 3, 0) என்பதோடு பெருக்கிக் கூட்டின் −108 + 102 = −6. குறியை விலக்கி, அச்செங்குத்துத் திசையின் நீளமாகிய பத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க, 6 ÷ 3.162 = 1.9 அடி. துளையின் வழியே ஏறத்தாழ 116 அடியில், தரைக்குக் கீழ் 77 அடியில், இவ்விரண்டும் இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியிற் கடந்து செல்கின்றன.

'குத்தவில்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? ஈண்டே சமன்பாட்டைக் கூர்ந்து படித்தல் வேண்டும். கணித நூல் சொல்லும் கோட்டிற்குத் தடிமன் இல்லை. பாறையிலுள்ள வெடிப்பு இரண்டடி இடைவெளியை ஒரு பொருட்டாக மதியாது. ஒரே வெடிப்பை இருவரும் தொட்டிருப்பின் நீர் எவர் பக்கம் தாழ்வோ அப்பக்கம் போகும். அது நிலநூலார்க்குரிய வினா. அதனினும் நெருங்கிய இடர் ஒன்று வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

நி என்பதை அளப்பதில் அரையடி பிழைத்தோம் என்க. கோடு முழுவதும் அரையடி நகரும். நூறடியிலும் அரையடி, ஆயிரமடியிலும் அரையடி. தி என்பதில் பிழைத்தால் அங்ஙனமன்று. தி-யை எ பெருக்குகிறது. ஆதலின் அதன் பிழையையும் எ பெருக்கும். துளையிட்ட பொறியின் முகம் கிடைவாட்டில் ஒரே ஒரு பாகை திரும்பியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். கிணற்றுச் சுவரருகே அது கண்ணுக்கே புலப்படாது. 116 அடியில் அப்பிழை ஏறக்குறைய இரண்டடி! நாம் அரிதிற் கண்ட 1.9 அடி இடைவெளி முழுவதையும் ஒரு பாகை விழுங்கிவிடும். கூட்டற்குறியின் இடப்புறம் நிற்பதற்கும் வலப்புறம் நிற்பதற்கும் உள்ள இவ்வேறுபாடே இச்சமன்பாட்டிற் கற்கத் தக்க பகுதி என்பது என் கருத்து. பள்ளியில் இதனை எவரும் வினவுவதில்லை.

இவ்வேறுபாட்டை நன்கறிந்து, அதற்கஞ்சித் தொழில் செய்த ஒருவர் இருநூறாண்டுகட்கு முன் நம் கோயம்புத்தூர்ப் பகுதிக்கு வந்தார். அவர் வில்லியம் லாம்ப்டன். இந்திய நிலத்தை முக்கோணங்களால் அளக்கும் பெருந்தொழிலை அவர் 1802-இல் சென்னையருகே பரங்கிமலைப் பக்கத்தில் தொடங்கினார். முறை எளிதே. சமவெளியில் ஒரு நீண்ட அடிக்கோட்டைச் சங்கிலியால் அளப்பர். அதன் ஒரு முனையில் நின்று தொலைவிலுள்ள குன்றொன்றை நோக்கிக் கோணம் அளப்பர். மறுமுனையினின்றும் அவ்வாறே செய்வர். இரு நிற்குமிடங்கள், இரு திசைகள், இரு நேர்கோடுகள். அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியே குன்று. குன்றுக்குச் சங்கிலி பிடித்துப் போக வேண்டுவதில்லை. பின்னர் அக்குன்றே புதிய நிற்குமிடமாகும், அங்கிருந்து அடுத்த குன்று, அதிலிருந்து அடுத்தது. லாம்ப்டன் காலத்தில் எவரும் இதனைத் திசையன் மொழியில் எழுதவில்லை. ஆமில்டன் பிறந்ததே 1805-இல் தான். ஆயினும் செய்த தொழில் இதுவே.

முப்பது மைல் தொலைவிலுள்ள குன்றை நோக்குங்கால், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்காகிய ஒரு கலை பிழைத்தால், குன்று நாற்பத்தாறடி தள்ளி நிற்கும். அப்பிழை அடுத்த முக்கோணத்தின் தலையிலும் ஏறும். எனவேதான் அவர் அரை டன் எடையுள்ள பெரிய கோணமானியை ஊர் ஊராகச் சுமக்கச் செய்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதனை ஏற்றுங்கால் கயிறறுந்து கருவி மோதிச் சிதைந்தது. வேறொருவர் கையில் அதனைக் கொடாமல், பல வாரங்கள் உழைத்துத் தாமே அதன் வட்டத்தை நிமிர்த்திச் செம்மை செய்தார் என்பது பலரறிந்த செய்தி.

கருவி சிறந்ததாயினும் பிழை சிறிது சிறிதாகச் சேருமன்றோ? அதற்கு அவர் கண்ட மருந்து, தொடக்கத்தில் ஒன்று அளந்ததோடு நில்லாமல், வழியிடையே புதிய அடிக்கோடுகளைச் சங்கிலியால் அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒத்துப் பார்த்தலாம். பெங்களூரில் ஒன்று அளந்தபின், 1806-இல் கோயம்புத்தூர்ப் பகுதியிலும் ஓர் அடிக்கோடு அளக்கப்பெற்றது. நம் பகுதியைச் சேர்ந்த பச்சாபாளையத்தில் விண்மீன்களை நோக்கி அவ்விடத்தின் அட்சரேகையையும் கண்டனர். பதினொரு பாகைக்கு அரைக்கலைக்கும் உட்பட்ட குறைவு. குமரிமுனைப் பக்கத்திலிருந்து வடக்கே நீண்ட பேரளவைக் கோட்டில் அது ஒரு முடிச்சு.

இரு முனையும் கட்டியபின் என்ன நேர்கிறது என்பதையும் நம் வாக்கியமே காட்டும். இரு புள்ளிகள் தெரிந்தால், தி என்பது இரண்டாம் புள்ளியிலிருந்து முதற் புள்ளியைக் கழித்தது. அதனை வாக்கியத்தில் இட்டு ஒழுங்கு செய்யின், பு என்பது முதற் புள்ளியில் (1 − எ) பங்கும் இரண்டாம் புள்ளியில் எ பங்கும் சேர்ந்ததாகும். எ என்பது 0-க்கும் 1-க்கும் இடையே உள்ளவரை, இரு பங்குகளும் ஒன்றுக்கு மேற்படா. ஆதலின் நடுவிலுள்ள எப்புள்ளியின் பிழையும் முனைகளின் பிழையை மிஞ்சாது. முனைக்கு அப்பால் எ ஒன்றைக் கடந்தவுடனே பிழை வளரத் தொடங்கும். கோட்டின் இடைப்பகுதியை நம்பலாம். வால் நீள நீள நம்பிக்கை குறையும்.

சைடு போரில் நமக்குத் தெரிந்தது ஒரு முனையே; மறுமுனை பாறைக்குள் ஒளிந்திருக்கிறது. எனினும் செய்யத்தக்கது உண்டு. நேரான நீண்ட இரும்புக் குழாயொன்றைத் துளைக்குள் ஒரு பகுதி செருகி, எஞ்சியது கிணற்றுக்குள் நீட்டி நிற்கச் செய்க. நீட்டிய பகுதியில் இரு புள்ளிகளைக் குறித்து, அவற்றின் இடத்தை அளந்து, தி-யைக் காண்க. அவ்விரு புள்ளிகளும் இரண்டடி இடைவெளியில் இருப்பின், 116 அடிக்கு எ = 58; புள்ளியை அளப்பதில் ஓர் அங்குலம் பிழைத்தால் அங்கே 58 அங்குலம், ஏறத்தாழ ஐந்தடி, பிழைக்கும். இரு புள்ளிகளும் பத்தடி இடைவெளியில் இருப்பின் எ = 11.6, அதே அங்குலப் பிழை அங்கே ஓரடிக்குள் நிற்கும். கிணற்றின் அகலம் இருபதடி. பத்தடிக் குழாய்க்கு இடமுண்டு. அங்குலப் பிழையை அரையங்குலமாக்குதலும் கொத்தனார்க்கு அரிதன்று.

மற்றைக் கோட்டையும் விடுதலாகாது. ஆழ்துளைக் கிணறு செங்குத்து என்று நாம் கொண்டது கேள்வியின்றிக் கொண்டதே. அது ஒரு பாகை சாய்ந்திருப்பின் 77 அடி ஆழத்தில் ஓரடியும் நான்கு அங்குலமும் விலகியிருக்கும். மோட்டாரையும் குழாயையும் மேலே எடுத்த பின், துளையின் நட்டநடுவே தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தல் வேண்டும். ஆறங்குலத் துளையில் நூல் நடுவிலிருந்து சுவரைத் தொட மூன்றங்குலம். பதினைந்தடி ஆழத்திலேயே குண்டு சுவரைத் தொட்டுவிடின் சாய்வு ஏறக்குறைய ஒரு பாகை. எப்பக்கச் சுவரைத் தொட்டதோ அதற்கு எதிர்ப்பக்கம் துளை சாய்ந்துள்ளது. எழுபத்தேழடி வரை தொடாமலே இறங்கினால், அக்கோட்டின் பிழை மூன்றங்குலத்துக்குள் அடங்கிற்று. அதன் பின்னரே 1.9 அடியைப் பற்றி இரு பங்காளிகளிடமும் பேசத் தொடங்கலாம்.